இரண்டு விரல் தூக்கல்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் "ரெண்டு விரல்" என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் பாவம், அவர் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. நகராட்சியில் தெருவிளக்கு மாட்டுகிற வேலை அவருக்கு. விளக்கைக் கம்பத்தில் பொருத்தியதும் போல்ட்டை இறுக்குவதற்கு முன்னால், அதன் அடியில் இரண்டு விரலைக் கொடுத்து அந்த அளவுக்கு மேலே தூக்கிவைப்பார். "நேரா கீழ பாத்து எரிஞ்சா கம்பத்தோட காலுக்குத்தான் வெளிச்சம். கொஞ்சம் தலை நிமிந்தாத்தான் நாலு வீட்டுக்குப் போய்ச் சேரும்" என்பார். இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் பாதி விளக்குகள் அப்படித் தலை நிமிர்ந்துதான் எரிந்தன.

அவர் முதன்முதலில் விளக்கு மாட்டிய சந்தில், அன்று மாலையே ஓர் அம்மாள் நாற்காலியைத் தூக்கிவந்து கம்பத்தடியில் போட்டு, மகளுக்குப் பேன் பார்த்தாளாம். இதை என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பேனுக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்டால் கோபம் வரும். அன்றிலிருந்து வெளிச்சம் போதவில்லை என்று யார் வந்து நின்றாலும் இவருக்கு இல்லை என்று சொல்ல வராது.

நான் பேருந்து ஓட்டுகிறேன். பதினோரு வருடமாகிறது. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் விளக்குச் சண்டையாகத்தான் முடியும். தூங்கும்போதும் அவருக்கு எங்கேயாவது ஒரு விளக்கு எரிந்தாக வேண்டும். எனக்கோ ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் கண் மூடாது. கல்யாணமான முதல் வாரமே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நடையில் விளக்கு எரியும், படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்திருக்கும், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் ஏற்பாடு.

போன வருடம் நகராட்சி வெளிவிளக்கு விதிகள் என்று பதினாறு பக்கத்துக்கு ஒன்று கொண்டுவந்தது. கடைப் பலகைகளைப் பத்து மணிக்கு அணைக்க வேண்டும். எந்த விளக்கும் அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் அடிக்கக் கூடாது. தெருவிளக்குகள் வானத்தைப் பார்க்காமல், ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிற மாதிரி, கீழ் நோக்கி எரிய வேண்டும். அதிக வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறது, பறவைகள் வழி தவறுகின்றன, வண்டி ஓட்டுபவர்களின் கண் கூசுகிறது, நட்சத்திரம் தெரிவதில்லை என்று காரணங்களும் அடுக்கியிருந்தார்கள்.

"நட்சத்திரம் மனு குடுத்துச்சாமா?" என்றார் இவர். நானும் சிரித்தேன். ஆனால் கண் கூசுகிற விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்வாசல் பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. திரும்பியதும் 212ஆம் நம்பர் கம்பம் நேர் எதிரே நிற்கும். அந்த விளக்கு என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "உங்க விளக்கு என் உயிரை வாங்குதுங்க. அதுக்குக் கீழ ரோடு இருக்கா இல்லையான்னே தெரியல" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "கண்ணாடியைத் தொடைச்சிட்டு ஓட்டு" என்பார். துடைத்துத் துடைத்து என் கைதான் தேய்ந்தது.

விதி வந்தபிறகு ஊரிலுள்ள விளக்குகளை எல்லாம் மட்டம் பண்ண மூன்று ஏணி வண்டிகள் கிளம்பின. ஒன்றில் இவர். தான் தூக்கிவைத்ததைத் தானே இறக்க வேண்டும். ஒவ்வொரு விளக்காக ஏறி, ரசமட்டம் வைத்து, இறுக்கி, இறங்கிவந்து படிவத்தில் கம்பத்தின் நம்பருக்கு எதிரே "மட்டம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு முப்பத்தெட்டு பேரைத் தலை குனிய வச்சேன்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் சாப்பிடுவார். கிண்டல் செய்ய எனக்கே மனசு வரவில்லை. அந்த மனிதர் மெலிந்துபோனார்.

ஐந்து மாதம் போயிற்று. 212 மட்டும் இன்னும் நிமிர்ந்தே எரிந்தது, அதன் முறை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மாலை ஆறரை மணி. அந்த வளைவில் மெதுவாகத்தான் திரும்பினேன். எதிரே அந்த விளக்கு. டங்கென்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்து, இறங்கி ஓடினால், சாலையில் ஒரு பெண் கிடக்கிறாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற அக்கா. வேலை முடிந்து, பின்வாசலிலிருந்து எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்குப் போகச் சாலையில் இறங்கியிருக்கிறாள். வாசலிலேயே ஆஸ்பத்திரி இருந்ததால் உடனே தூக்கிக்கொண்டு போனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். விளக்கு கண்ணைக் கூசவைத்தது என்று எழுதிக் கொடுத்தேன். பத்தாவது நாள் பதில் வந்தது. 212ஆம் கம்பத்து விளக்கு விதிப்படி மட்டம் செய்யப்பட்டதாக நகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறது, ஆகவே கண் கூசியது என்பதை ஏற்க முடியாது, ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று தெரிகிறது. இறுதி விசாரணையிலும் அதுவே முடிவானால் உரிமம் ரத்து.

அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் இந்த வேலைக்குச் சேர்ந்த அன்று, பேருந்தில் ஏறிய ஓர் ஆள் ஸ்டீயரிங்கில் என்னைப் பார்த்ததும் இறங்கி அடுத்த பேருந்துக்குப் போனான். பதினோரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டித்தான் அந்த மாதிரி ஆட்களின் வாயை அடைத்தேன். எல்லாம் ஒரு காகிதத்தில் போய்விடும் போலிருந்தது. பேருந்தை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அந்த 'மட்டம் சரி' நான் எழுதினது" என்றார்.

"அதனால என்ன? நீங்கதானே எல்லாத்துக்கும் எழுதறீங்க."

"மட்டம் பண்ணாமலே எழுதினேன்."

பிறகு முழுசாகச் சொன்னார். பல வருடம் முன்னால் அந்த அக்கா வந்து, "தம்பி, பின்வாசல் வரைக்கும் வெளிச்சம் எட்டலப்பா, கல்லு தடுக்குது" என்று கேட்டிருக்கிறாள். இவர் அவளுக்காக இரண்டு விரல் இல்லை, நான்கு விரல் தூக்கிவைத்திருக்கிறார். இப்போது மட்டம் பண்ண ஏணியில் கால் வைத்தபோதும் அவள் கீழே நின்று, "இதையும் குனிய வச்சுடாதப்பா" என்று கெஞ்சியிருக்கிறாள். இவர் ஏறாமலே படிவத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டார்.

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினேன். "ஊருக்கெல்லாம் நல்லவரு! நான் வருஷக்கணக்கா கரடியா கத்தினேனே, அது காதுல விழல. அவங்க ஒரு வார்த்தை கேட்டதும் விழுந்துடுச்சா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். இப்போது எழுதக் கூசுகிறது. அன்று படுக்கையறைக் கதவை முழுசாகச் சாத்திக்கொண்டேன். அவர் நடையிலேயே விளக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவருடைய சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். என் காது முழுக்க முன்னறையில்தான் இருந்தது.

"அண்ணே, நாளைக்கு ஏணி வண்டி அந்தப் பக்கம்தான் போகுது. சத்தமில்லாம ஏறி மட்டம் பண்ணிடுங்க. விசாரணைக்கு யாராவது வந்து பாத்தாலும் விளக்கு சரியா இருக்கும். பொய்யா எழுதினீங்கன்னு வெளிய வந்தா உங்க வேலையே போயிடும். அண்ணிக்காக நான் டெப்போல பேசிப் பாக்கறேன்."

"யோசிக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

யோசிக்க இதில் என்ன இருக்கிறது? கையிலிருந்த பாத்திரத்தை வேண்டுமென்றே டமாரென்று வைத்தேன். ஏணியில் ஏறாமல் அவருக்குப் பொழுது விடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் இரக்கப்பட முடியவில்லை.

அடுத்த நாள் அவர் ஏணி வண்டியில் போகவில்லை. லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்திருக்கிறார். மாலையில் வந்து, சாத்தியிருந்த கதவுக்கு வெளியே நின்றபடி பேசினார்.

"அவங்களுக்கு உன் மேல கோபமே இல்ல. 'நான்தானே வெளிச்சம் கேட்டேன்'னு அழறாங்க. நான் ஒண்ணு கேட்டேன். ஏன்க்கா, பஸ் வர்றது தெரியலையான்னு."

நான் எழுந்து கதவருகே வந்தேன்.

"தெரிஞ்சுதாம். நல்லாவே தெரிஞ்சுதாம். 'இவ்வளவு வெளிச்சத்துல நிக்கிறேன், டிரைவருக்கு என்னைத் தெரியாமலா போகும்னு இறங்கிட்டேன்'னு சொன்னாங்க." "வெளிச்சம் அவங்க மூஞ்சியில அடிச்சிருக்கு. நீ அந்தப் பக்கத்துலேருந்து வந்தே. உனக்கு விளக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். நீ சொன்னதெல்லாம் அப்பவே கேட்டிருக்கணும்."

அன்றிரவு விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு எழுதினார். விசாரணையை அறையில் வைக்க வேண்டாம், அந்த வளைவிலேயே, அதே பேருந்தில், மாலை ஆறரை மணிக்கு வையுங்கள் என்று. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கதவுக்கு அடியில் தள்ளினார். நான் பார்த்துத் திருத்தித் திருப்பித் தள்ளினேன்.

அதிகாரி கண்டிப்பான ஆள். எப்படியோ ஒப்புக்கொண்டார். குறித்த நாளில் டெப்போ டிரைவர் ஒருவர் வண்டியை வளைவு திரும்பியதும் நிறுத்திவிட்டு இறங்க, அதிகாரி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் நானும் சூப்பர்வைசரும் நின்றோம். அந்த இடத்தில் பேருந்தின் முகப்பு விளக்கு எதிர்ச் சுவரில்தான் விழும். எதிரே 212, நான்கு விரல் நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஆனது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையா? மனு போட்டவரே லேட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வண்டி வரும்போது அக்கா இறங்கிய அதே இடத்தில் போய் நிற்பேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் குனிந்து கண்ணாடி வழியே தேடினேன். எங்கே நிற்கிறார் என்று தெரியும். அவர் உயரம் தெரியும், நிற்கும்போது ஒரு தோள் இறங்கியிருக்கும் என்று தெரியும். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதர். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். விளக்கு தெரிந்தது. அவர் தெரியவில்லை. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவர் அங்கதான் சார் இருக்காரு" என்றேன்.

"எங்க?"

"இங்கதான் சார் நிக்கிறேன்!" என்று சாலையிலிருந்து அவர் குரல் கேட்டது. "நீங்க வந்ததுலேருந்து இங்கதான் நிக்கிறேன்!"

அதிகாரி கையை மெதுவாகப் புருவத்திலிருந்து எடுத்தார்.

பிறகு என் வீட்டுக்காரர், ஓரமாக நிறுத்தியிருந்த ஏணி வண்டியில் ஏறுவது நிழலாகத் தெரிந்தது. விளக்கு ஆடியது, மெல்லத் தலை குனிந்தது. ரசமட்டத்தை வைத்து, இறுக்கி, இறங்கிவந்து, அதே இடத்தில் போய் நின்றார். இப்போது சாலை முழுக்கத் தெரிந்தது. அதில் அவர். இறங்கிய தோள், சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பேனர், எல்லாம். அதிகாரி இறங்கிப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"சார், பதிவேட்டுல மட்டம் சரின்னு எழுதினது நான்தான். பொய்யா எழுதினேன். தப்பு டிரைவர் மேல இல்ல" என்றார். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என்னை ஒரு வாரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் வேலை போகவில்லை. தானாக வந்து சொன்னதால் அந்த மட்டும் விட்டார்கள். ஆனால் இனி ஏணியில் ஏறக்கூடாது என்று உத்தரவு. கிடங்கில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் போல்ட்டும் வயரும் எடுத்துக் கொடுக்கிறார். முதல் நாள் போய்வந்து, "தரையிலேயே நின்னா கால் வலிக்குது" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்தாமல் ஒரு சாண் விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அக்காவுக்குக் கால் கூடிவிட்டது, கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறாள். பின்வாசலில் கல் தடுக்கும் இடத்துக்கு மட்டும், முட்டி உயரத்தில் மூடி போட்ட சின்ன விளக்கு ஒன்று வேண்டும் என்று இவர் எழுதிப்போட்டார். வந்துவிட்டது. வேறு யாரோ மாட்டினார்கள். இவர் கீழே நின்று அந்த ஆளின் உயிரை வாங்கியிருப்பார், சொல்ல வேண்டியதே இல்லை.

கிடங்கு ஆறு மணிக்கு மூடும். அங்கிருந்து வீட்டுக்குக் குறுக்கு வழி இருக்கிறது, பத்து நிமிட நடைதான். இவர் அதை விட்டுவிட்டு எதிர்த்திசையில் நடந்து, ஆறரைக்கு அந்த வளைவு நிறுத்தத்தில் வந்து நிற்கிறார். நான் திரும்பும்போது தூரத்திலேயே அவரைப் பார்த்துவிடுவேன். கதவைத் திறந்தால் ஏறுவதற்கு முன்னால் தினமும் அதே கேள்வி.

"தெரியிறேனா?"

"தெரியிறீங்க. ஏறுங்க."