சிவப்புத் துணி சுற்றும் பக்கம்

"ஏனுங்க, ஷெட்டுக்கு ஒரு சாக்கெட்டு, மெஷினுக்கு ஒரு பிளக்குன்னு வெச்சுக்கிட்டா நான் என்னதானுங்க பண்ணுவேன்?"

எங்கள் கியாசுதீன் மாமா இதைச் சொல்லாத நாள் கிடையாது. அவர் குரலில் சொல்ல வேண்டுமென்றால் மூக்கைப் பாதி அடைத்துக்கொள்ள வேண்டும். 'என்னதானுங்க' மாடிப்படி ஏற வேண்டும், 'பண்ணுவேன்' அங்கிருந்து விழ வேண்டும். எனக்கு அது கைவந்த கலை. ஒருமுறை இதே குரலில் போன் செய்து, "சோறு போட்டு வையி, வந்துட்டேன்" என்று காத்தூன் பீவி மாமியை ஏமாற்றினேன். மாமி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

மாமா அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளுக்கு எலக்ட்ரீசியன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இங்கே மெஷின்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு ஷெட்டில் ஆர்டர் குறைந்தால் அடுத்த ஷெட்டுக்கு வண்டியேறிவிடும். அங்கே சாக்கெட் வேறாக இருக்கும். பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வேறு மாட்ட வேண்டும். அப்படி மாட்டும்போது மூன்று பேஸ் ஒயரில் இரண்டு இடம் மாறிவிட்டால் போதும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். வெளியேற்ற வேண்டிய அனலை ஃபேன் உள்ளே ஊதும். பழைய நிட்டிங் மெஷினாக இருந்தால் ஊசியெல்லாம் போச்சு.

இதற்கு மாமாவிடம் ஒரு மருந்து உண்டு. தேங்காய் அளவில் ஒரு குட்டி மோட்டார், அதன் முனையில் முடிச்சுப் போட்ட சிவப்புப் பனியன் துணித் துண்டு. புது பிளக் மாட்டியதும் முதல் கரண்ட் இதற்குத்தான். துணி சரியான பக்கம் சுற்றினால் "பிஸ்மில்லா" சொல்லி மெஷினைப் போடுவார். "பாய் பம்பரம் உட வந்துட்டாருங்கோ" என்று டெய்லர்கள் கத்துவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அவருடைய தங்கை மகன் ஜாவித், அதாவது என் அண்ணன், தெற்கே ஒரு துறைமுகத்தில் இன்ஜினியர். கரையில் கட்டிக் கிடக்கும்போதும் கப்பல்கள் விளக்குக்கும் பம்புக்கும் சொந்த டீசல் இன்ஜினை ஓட்டிப் புகை விடுகின்றன. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் முறை மாறினால் கப்பல்காரன் என்ன செய்வான்? அதற்காக எல்லாருக்கும் பொதுவாக ஒரே விதிமுறை எழுத ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். வரைவை டைப் அடித்தவன் ஜாவித்.

ரம்ஜானுக்கு வந்தவன் அதை மாமாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினான். மாமாவுக்குப் பரம சந்தோஷம்.

"பாத்தியா கண்ணு! கப்பல்காரனே ஒரே பிளக்குக்கு வந்துட்டான். நம்ம அருள்புரம் எப்ப வரும்? அது சரி, இதுல துணி எங்க?"

"என்ன துணிங்க மாமா?"

"சுத்துற பக்கம் யாரு பாக்கறது?"

"வருசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் உண்டுங்க. கப்பல் பிளக்கு ஒரே பக்கமாத்தான் சொருகும். மாத்திச் சொருகவே முடியாதுங்க மாமா."

"பிளக்கு மாறாது. ரிப்பேருக்குப் போயிட்டு வந்தா உள்ள இருக்கற ஒயரு மாறுமா, மாறாதா?"

ஜாவித் பிரியாணியில் கவனம் செலுத்தினான். மாமா விடவில்லை. 'ஒயரைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் சுற்றும் பக்கம் பார்த்த பிறகே கப்பலுக்குக் கரண்ட்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கமிட்டிக்கே தபால் போட்டார். கருத்துச் சொன்னவர்களை நேரில் அழைத்தார்கள். மாமாவுக்கும் கடிதம் வந்தது. அதை லேமினேஷன் செய்துகொண்டார்.

கிளம்பிய அன்று காலை மகுடேஸ்வரன் கம்பெனியில் ஒரு அவசரம். வேறு ஷெட்டிலிருந்து பழைய கம்ப்ரசர் ஒன்று வந்து இறங்கியிருந்தது. மாமா பிளக்கை வெட்டி மாற்றினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லை. குட்டி மோட்டாரோ பயணப் பைக்குள் சட்டைகளுக்கு அடியில். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "கரண்ட் வந்ததும் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, துணைக்குக் கிளம்பி பஸ்ஸில் இடம் பிடித்துவைத்திருந்த என்னிடம் ஓடி வந்தார்.

தாராபுரம் தாண்டும்போது போன் வந்தது. மகுடேஸ்வரன் கோபத்தில்கூட 'ங்க' போடாமல் பேச மாட்டார்.

"ஏனுங்க பாய், கம்ப்ரசர்ல காத்து வரலீங்க. எண்ணெய்தான் வருதுங்க. திருப்பிச் சுத்தி உள்ள புடிச்சுக்கிச்சாமுங்க. காத்தில்லாம மெஷினு ஓடாம நாப்பது டெய்லருங்க கையக் கட்டிட்டு ஒக்காந்திருக்காங்க. நீங்க கப்பலுக்குக் கரண்ட் குடுக்கப் போயிட்டிருக்கீங்களாமா? ரொம்பச் சந்தோசமுங்க."

மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மிமிக்ரி வரவில்லை. விஷயத்தை ஜாவித்துக்கு நான்தான் போனில் சொன்னேன்.

"மாமாகிட்டச் சொல்லு, அங்க வந்து இத வாய் தொறக்க வேண்டாம்னு. அந்த வரி மேல ஏற்கெனவே பேனா வெச்சிருக்காங்க. இதையும் சொன்னா அடிச்சே போடுவாங்க."

மறுநாள் காலை கமிட்டி அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. தலைவர் வேல்விழி மேடம். பக்கத்தில் பிரபாகர் என்கிற மூத்த இன்ஜினியர். அவர் குரல், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக்குச் சளி பிடித்த மாதிரி. மாமா குட்டி மோட்டாரை மேஜைமேல் வைத்துத் துணியைச் சுற்றிக் காட்டினார். இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள்.

"பார்க்க நல்லாருக்கு" என்றார் பிரபாகர். "ஆனா கப்பல் காத்துக்கிட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் நேரம் போகும். நீங்க அனுபவஸ்தர். உங்க கையால எப்பவாவது பேஸ் மாறியிருக்கா? கடைசியா எப்போ?"

ஜாவித் கூரையைப் பார்த்தான். நான் ஜாவித்தைப் பார்த்தேன். மாமா துணியின் முடிச்சை இறுக்கினார்.

"நேத்துக் காலைலீங்க."

அறையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. கம்ப்ரசர், பஸ், பைக்குள் கிடந்த மோட்டார், நாற்பது டெய்லர்கள் என ஒன்று விடாமல் சொன்னார். சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. வேல்விழி மேடம் பேனாவைத் திறந்து, மாமா கேட்ட வரியைப் பக்க ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.

பிரபாகர் குறுக்கிட்டார். "எழுதுங்க மேடம். ஆனா இருபது வருஷ அனுபவம் உள்ளவங்களுக்கு விலக்குன்னு ஒண்ணு சேர்த்துக்குவோம். புதுசா வர்றவங்க மட்டும் செக் பண்ணட்டும்."

விலக்கு சேரவில்லை. வரி மட்டும் முழுசாக உள்ளே போனது. அதற்குக் காரணம், ஊருக்குத் திரும்பி மகுடேஸ்வரன் முன்னால் நிற்பதற்காகப் பையைத் தூக்கியபடியே மாமா அந்த அறையில் சொன்ன பதில்:

"புதுசா வர்றவன் பயந்துக்கிட்டு அவனே பாத்துக்குவானுங்க. முப்பத்தொரு வருசம் ஆயிப்போச்சுங்கற தைரியத்துல தானுங்க நான் பாக்காம பஸ் ஏறுனேன். ரூலு எனக்குத்தானுங்க வேணும், எனக்கே விலக்குக் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் யாருக்குங்க எழுதறீங்க?"