ஆர்ட்டிசோக்கின் கள்ளன்

என் மகள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்த வருஷம் அது. கேட்டரிங் படித்துக்கொண்டிருந்தாள். கோவளத்தில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சோற்றைப் பிசைவாள், ஓரமாக ஒதுக்குவாள், எழுந்துபோய்க் கை கழுவிவிடுவாள். வற்புறுத்த வேண்டாம், அவளாக எதைக் கேட்கிறாளோ அதைக் கொடுங்கள் என்றார் டாக்டர். அவள் எதையும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் டி.வி.யைப் பார்த்தபடியே, “ஆர்ட்டிசோக் கிடைச்சா திங்கலாம்,” என்றாள்.

அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. வெள்ளைக்காரர்கள் தின்னும் பூமொட்டு, ஊட்டியிலிருந்து வரும், ஓவனில் சுடுவார்கள் என்று விளக்கினாள். மறுநாள் காலையில் நானும் கணவரும் பாளையம் சந்தைக்குப் போனோம். ஹோட்டல்களுக்குக் காய் போடும் நாகர்கோவில்காரர் ஒருவர், இரண்டு எடுத்துத் தந்தார். முள் நுனியோடு, பச்சைச் செதில் செதிலாக இருந்தன.

“பாத்துப் பிடிங்கக்கா, குத்தும். இதத் தின்னுட்டு வெள்ளக்காரன் எப்படித்தான் உயிரோட இருக்கானோ,” என்றார் அவர்.

ஆலிவ் எண்ணெய் அப்போதெல்லாம் மருந்துக்கடையில் சின்ன டின்னில்தான் கிடைக்கும். குழந்தைக்குத் தேய்க்கவா என்று கடைப்பெண் மலையாளத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் மகள் படுத்திருந்தாள். உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். பூ என்றால் எனக்கு வாழைப்பூதான் தெரியும். மடலை உரித்துப் போட வேண்டும். உள்ளே இருக்கும் பூவை எடுத்து, கள்ளன் என்கிற அந்த வேகாத நரம்பைப் பிடுங்கி, கறுக்காமலிருக்க மோரில் போட வேண்டும். ஒன்றை எடுத்து அப்படியே செய்தேன். தடித்த மடல்கள் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. நடுவில் பூனைமயிர் போல ஒரு கற்றை இருந்தது. அதைப் பத்திரமாகச் சுரண்டி மோரில் போட்டேன். கள்ளன் எதுவென்றுதான் தெரியவில்லை. எல்லாமே கள்ளன் மாதிரி இருந்தன.

அவள் எழுந்து வந்தாள். கூடையைப் பார்த்தாள், மோர்ச் சட்டியைப் பார்த்தாள்.

“எந்தா அம்மே இது? திங்கறத எல்லாம் கூடையில போட்டுட்டு, தொண்டையில குத்தறத மோர்ல ஊற வெச்சிருக்கே. இது முழுக்கக் கள்ளன், கேட்டோ.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு ஹாலிலிருந்து வந்த கணவர் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மிச்சமிருந்த இன்னொன்றை அவளே எடுத்தாள். நுனியை அரிந்து, முள்ளைக் கத்தரித்து, வெட்டிய இடமெல்லாம் எலுமிச்சை தேய்த்தாள். வேகவைத்து இரண்டாகப் பிளந்து அந்த மயிர்க்கற்றையைக் கரண்டியால் வழித்துப் போட்டாள். அடியில் வெளுப்பாக இருந்த சதையை விரலால் தொட்டுக் காட்டி, “இதுதாம்மா முக்கியம். இதுக்காகத்தான் இவ்வளவு பாடும்,” என்றாள். பூண்டும் ரஸ்க் தூளும் எண்ணெயும் போட்டு, பக்கத்து வீட்டு சேச்சி கிறிஸ்மஸ் கேக் சுடும் வட்ட ஓவனில் வைத்தோம். வீடு முழுக்க வாசனை. எனக்கே பசித்தது.

அவள் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு மடலைப் பிய்ப்பாள், ரஸ்க் தூளைத் தட்டிவிடுவாள், பல்லில் வைத்து இழுப்பாள், தட்டின் ஓரத்தில் வைப்பாள். பிறகு அடுத்தது. வெகுநேரம் தின்றாள். தட்டில் மடல்கள் குவிந்துகொண்டே போயின.

“எனக்கொண்ணு தாட்டீ,” என்றார் கணவர். அவள் கொடுத்ததை அவரும் பல்லில் வைத்து இழுத்தார். “இதுல திங்க என்ன இருக்கு? ஓலையச் சப்பின மாதிரில்லா இருக்கு.”

“அதாம்ப்பா,” என்றாள் அவள். “ஒண்ணும் இருக்காது. அதான் எனக்குப் பிடிக்கும்.”

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பின்னால் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு அவளுக்குக் கஞ்சி இறக்கிய நாட்களில் என்னை நடுங்க வைத்தது குழாய் அல்ல, இந்த முகம்தான். இன்றும் அவள் வந்து சாப்பிட்டுப் போனபின் தட்டை அப்படியே கழுவப் போட எனக்குக் கை வருவதில்லை.

அன்று கணவர் அவள் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. “பாத்தியா, திங்கா,” என்று எனக்கு ஜாடை காட்டினார். பரிமாறியபோது இருந்ததைவிடத் தட்டு நிறைந்திருந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு அறைக்குப் போனாள்.

தட்டை எடுத்துப்போய் அடுப்படியில் மடல்களை விலக்கினேன். அடியில் அந்த வெளுத்த சதை, இரண்டு பாதியும், பல் படாமல் அப்படியே இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மடல்களை அடுக்கி அதை மூடி வைத்திருந்தாள்.

“நாளைக்கும் ரெண்டு வாங்கிட்டு வரட்டா?” ஹாலிலிருந்து அவர் கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரலில் தெம்பு இருந்தது. செருப்புச் சத்தம் அடுப்படிப் பக்கம் வந்தது.

மடல்களைப் பழையபடி அதன்மேல் தள்ளி மூடினேன்.

“வாங்கிட்டு வாங்க,” என்றேன்.