நாற்காலிக்கு நாற்காலி துண்டு

கட்டடத்தைப் பராமரிக்கிற வேலை வீட்டுச் சமையல் மாதிரிங்க: நல்லா இருந்தா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க, உப்பு ஒரு கல் குறைஞ்சா தெருவுக்கே தெரிஞ்சுடும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஏசி, குழாய், நாற்காலி என்று அலைகிற என் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

நான் இருப்பது திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் அனுப்புகிற ஒரு கம்பெனியின் ஆபீசில். கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்று சொல்கிறவர், மேல் மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு, "இனிமே யாருக்கும் தனி இடம் கிடையாது. முன்னாடி வந்தவங்க பிடிச்ச இடத்துல உட்காருங்க" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

ஆளில்லாத ஹவுஸ்ஃபுல்

கணக்குப் பிரிவில் பழனிச்சாமி அண்ணன் இருக்கிறார். இடுப்பு வலிக்காரர். ஜன்னலோரம், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலிதான் அவருக்கு உயிர். புது ஏற்பாடு வந்த மறுநாளே, முதல் டிரிப் வருகிற கம்பெனி வேன் டிரைவர் கையில் தன் துண்டைக் கொடுத்துவிட்டார். டிரைவர் அதைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் டிரைவர் தோளில் துணிக்கடை மாதிரி துண்டுகள். காலையில் உள்ளே வந்து பார்த்தால் ஆபீசில் ஓர் ஆள் இல்லை, ஆனால் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. துண்டு, கர்ச்சீப், ஒன்றில் ஹெல்மெட், ஒன்றில் சாப்பாட்டுப் பை. எல்லாவற்றையும் சுருட்டி என் மேஜையில் வைத்தேன். அண்ணன் வந்தார், கோபப்படவில்லை, நியாயம்தான் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, முன்னப்பின்ன தெரியாதவங்க ஏறுற பஸ்ஸுலயே துண்டு போட்ட சீட்டுல யாரும் உட்கார மாட்டாங்க. தெரிஞ்சவங்க இருக்குற ஆபீசுல எடுக்கலாமுங்களா?"

போனில் புக்கிங்

துண்டுக்கு முடிவு கட்ட, போனிலேயே இடம் புக் பண்ணுகிற ஏற்பாட்டைச் சின்னவர் கொண்டுவந்தார். எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது நான். பழனிச்சாமி அண்ணன்தான் முதலில் கற்றுக்கொண்டார். முதல் நாள் ஜன்னலோரத்தை புக் பண்ணி, போனில் அது பச்சையானதைப் பெருமையாகக் காட்டினார். மறுநாள் காலையில் பார்க்கிறேன், அதே நாற்காலியில் அதே துண்டு. "அதான் புக் பண்ணிட்டீங்களேண்ணா, அப்புறம் இது எதுக்கு?" என்றேன்.

"புக் பண்ணினது போனுக்குத் தெரியும் சாமி, நாற்காலிக்குத் தெரியுமுங்களா?"

கண்ணாடிப் பெட்டி

எல்லோரும் ஒரே கூடத்துக்கு வந்ததும் சத்தம் தாங்கவில்லை. சரக்கு அனுப்புகிற செந்தில் தம்பி ராஜஸ்தானில் நிற்கிற ரிக்காரரோடு பேச ஆரம்பித்தால், கணக்குப் பிரிவில் கூட்டல் தப்பும். அதற்காகவே சத்தம் வெளியே வராத கண்ணாடிப் பெட்டி ஒன்று, ஒருவர் நின்று பேசுகிற அளவில், வாங்கி வைத்தோம். செந்தில் தினமும் ஒழுங்காக உள்ளே போவார். போய், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். "சாத்திட்டுப் பேசு தம்பி" என்றேன்.

"அவரு ராஜஸ்தான்ல இருக்காருங்கக்கா. சாத்திட்டுப் பேசினா அம்புட்டுத் தூரம் எப்படிக் கேக்கும்?"

வாத்து போட்ட துண்டு

கணக்குப் பிரிவு சுமதி, பிரசவ லீவு முடிந்து பள்ளிபாளையத்திலிருந்து வர ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் குழாய் பார்க்கப் போனபோது, கழிவறை மூலையில் பால் எடுக்கிற பம்ப்போடு நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "இந்த மாசத்தோட நின்னுக்கறேங்கக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது நானும் பழைய வேலையை இப்படி ஒரு மூலையில் நின்றுதான் விட்டேன்.

ஃபைல் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால் ஃபைல் ரூம் காலியாகத்தான் கிடந்தது. சின்னவரிடம் கேட்டேன். "ஒரு ஆளுக்கு ஒரு ரூமா? அதுல உடம்பு பிடிச்சுவிடுற நாற்காலி வருது, நாளைக்கு இறக்குறாங்க" என்றார். அந்த நாற்காலியைக் கேட்டுக் கேட்டு வாங்க வைத்ததே இடுப்பு வலிக்காரர் பழனிச்சாமி அண்ணன்தான். அவரிடம் போய் என்ன சொல்ல?

ராத்திரி முழுக்க யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. காலையில் துண்டு போட்ட நாற்காலிகளைப் பார்த்ததும் தோன்றிவிட்டது. குழந்தை வாசம் இருந்தால் பால் சுலபமாக இறங்கும் என்று சுமதி பையில் ஒரு குட்டித் துண்டு வைத்திருப்பாள், வாத்து பொம்மை போட்டது. அதை வாங்கி, ஃபைல் ரூமில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் மேல் விரித்துவிட்டு வந்தேன்.

வேன் வந்தது. ரெண்டு பேர் அந்தப் பெரிய நாற்காலியைத் தூக்கி வர, பின்னால் சின்னவர். வழிகாட்டிக்கொண்டு ஆசையாக முன்னால் போனது பழனிச்சாமி அண்ணன். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். துண்டைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார், தள்ளி நின்ற சுமதியைப் பார்த்தார். அண்ணன் கதவை மெல்லச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"துண்டு போட்டிருக்குதுங்க" என்றார்.

"யாரு துண்டு?" என்றார் சின்னவர்.

"யாருதா இருந்தா என்னங்க? முன்னாடி வந்தவங்க இடம்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இதைக் கூடத்து மூலையில இறக்கச் சொல்லுங்க, என் இடுப்பு எங்கயிருந்தாலும் இடுப்புதானுங்களே."

சின்னவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முதலாளியிடம் கேட்கவேண்டியதைச் சட்டென்று கேட்டுவிட வேண்டும், நம் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்த வாரத்திலேயே உள்தாழ்ப்பாள், திரை, கைகழுவுகிற குழாய், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வந்தது. சுமதி நிற்கவில்லை. மாசமாக இருக்கிற இன்னொருத்தி இப்போதே அந்த அறையை நோட்டம் விடுகிறாள். வாசலில் அழகாக ஒரு போர்டு மாட்டலாமா என்று சுமதியிடம் கேட்டேன். துண்டை உதறி மறுபடியும் விரித்துக்கொண்டே சொன்னாள்:

"போர்டு வேண்டாங்கக்கா, நம்ம ஆபீசுல போர்டைப் பார்த்து யாரு நின்னிருக்காங்க?"

இந்தக் காலத்து ஆபீசுக்கு என்னென்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், போன் புக்கிங்கையும் கண்ணாடிப் பெட்டியையும் மரியாதைக்குச் சொல்லிவிட்டு, நல்ல துண்டாக நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முடிப்பேன்.