அமெரிக்காவும் எங்கள் கடை லொறியும்

நான் வேலை செய்யும் தமிழ்க்கடை லண்டனில், ஸ்ட்ரெதமில் இருக்கிறது. காலையில் லொறி வந்து வாசலில் நிற்கும். அரிசி, கோதுமை மா, தேங்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் இறக்கி உள்ளே அடுக்குவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. மூட்டைகள் பதில் எதிர்பார்ப்பதில்லை.

கடைக்குள் கதைக்குப் பஞ்சமில்லை. முழுவதும் அமெரிக்கா. மீன் வெட்டும் அண்ணை ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் அமெரிக்க ஜனாதிபதியின் பக்கம். காசு வாங்கும் டில்லில் நிற்பவர் மன்னார்க்காரர், என்னைவிட இளையவர். அவர் எதிர்ப்பக்கம்.

"அந்த மனுசன் வந்தாப் பிறகுதான் உலகம் பயப்பிடுது," என்று சொல்லி மீனின் தலையை ஒரே வெட்டில் எடுப்பார் அண்ணை.

"ஓம் ஓம், வரியைப் போட்டு உலகத்தையே கவிட்டுப் போட்டான் உங்கட ஆள்."

"உனக்கு அரசியல் விளங்காது. நீ மிச்சக்காசைப் பிழையில்லாமல் குடு, காணும்."

ஒருநாள் பாரைமீன் வாங்க வந்த அம்மா பொறுமையிழந்தார். "தம்பியவை, ஆர் வெண்டாலும் நான் மத்தியானத்துக்குக் குழம்பு வைக்கவேணும். வெட்டித் தாங்கோ."

அமெரிக்காவின் எந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று இருவருக்கும் தெரியும். எங்கள் பகுதிக் கவுன்சிலர் யார் என்று இருவருக்கும் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் இங்கே வாக்கு உண்டு. வாக்குச்சாவடி கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கவுன்சில் தேர்தலன்று அமெரிக்கச் சண்டை உச்சத்தில் இருந்ததால் அவர்களுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. எனக்கு நேரம் இருந்தது. உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்ற பயத்தில் நானும் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி ஒரு செய்தியோடு வந்தார்.

"கவுன்சில் எங்கட றோட்டை வாகனங்களுக்கு மூடப்போகுதாம். நடக்கிறவைக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தானாம்."

"அப்ப லொறி?" என்று டில்காரர் கேட்டார்.

"வாசலுக்கு வர ஏலாது. வேறை கொம்பனி ஒண்டு கடைக்குப் பின்னால இருக்கிற ஒழுங்கையால சின்ன வானில சாமான் கொண்டுவரும். அவங்கட ஆக்களே இறக்கி அடுக்கித் தருவினம்."

சொல்லிவிட்டு முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு வெங்காயத்தைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. இறக்க வேறு ஆட்கள் வந்தால் நான் எதற்கு?

தேவாலய மண்டபத்தில் கவுன்சில் ஒரு கூட்டம் வைத்தது. விருப்பமானவர்கள் வந்து அபிப்பிராயம் சொல்லலாம். நான் அடுக்கி முடித்த மூட்டைகளை மறுபடியும் அடுக்கத் தொடங்கினேன். அண்ணை என் தோளில் தட்டினார்.

"நீ யோசியாத தம்பி. நான் கதைக்கிறன். அரசியல் எனக்குப் பழக்கம்."

முதலாளியும் சேர்த்து நாங்கள் நால்வரும் முன்வரிசையில் அமர்ந்தோம். அண்ணை கோட் போட்டிருந்தார். கவுன்சிலிலிருந்து வந்த பெண் திரையில் படங்கள் காட்டினார். மரங்கள், உட்கார வாங்குகள், சைக்கிளில் சிரிக்கும் பிள்ளை. மூட்டை தூக்குகிறவன் எந்தப் படத்திலும் இல்லை. அவர் பேசி முடித்ததும் நாங்கள் நால்வரும் பலமாகக் கைதட்டினோம்.

எங்கள் பழக்கம் அது. கோவில் விழாவோ, பழைய மாணவர் ஒன்றுகூடலோ, ஒருவர் பேசி முடித்தால் கைதட்டுவோம். என்ன பேசினார் என்பது வேறு விடயம். பின்வரிசைகளில் இருந்த வெள்ளைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"மரியாதை தெரியாத சனம்," என்று அண்ணை என் காதில் முணுமுணுத்தார்.

கேள்வி நேரத்தில் அண்ணையிடம் மைக் வந்தது. எழுந்து, கோட்டைச் சரிசெய்து, ஆங்கிலத்தில் தொடங்கினார். முதல் வசனத்திலேயே அமெரிக்கா வந்துவிட்டது. அங்கே என்றால் ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் முடிப்பார் என்றார். டில்காரரால் பொறுக்க முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே மறுத்தார். பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து டில்காரர் பக்கம் பேசினார். உடனே ஒரு பெண்மணி அண்ணை பக்கம். அதுவரை தூங்கி விழுந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். மண்டபம் எங்கள் கடையாகிவிட்டது. மீன்தான் இல்லை. எங்கள் தெருவைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

கவுன்சில் பெண் மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் முடிந்தது என்றார். கடைக்காரர்கள் இந்தத் திட்டத்தை இவ்வளவு அன்போடு வரவேற்றது தனக்குப் பெரிய மகிழ்ச்சி என்று எங்களைக் காட்டிச் சொன்னார். அண்ணை சிரித்தபடி மறுபடியும் கைதட்டத் தொடங்கினார்.

நான் அவர் கையை எட்டிப் பிடித்தேன். பிடித்தபடியே எழுந்தும்விட்டேன். எழுந்த பிறகு சும்மா இருக்க முடியாதே.

"நோ," என்றேன். "நோ ஹப்பி. மோர்னிங் லொறி கம். நோ லொறி, நோ ஜொப்."

அதற்குமேல் என்னிடம் ஆங்கிலம் இல்லை. அமர்ந்துவிட்டேன். அந்தப் பெண் லொறி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். ஆறுக்கு என்று டில்காரர் சொன்னார்.

"அப்படியென்றால் ஏன் கைதட்டினீர்கள்?"

"அது எங்கள் மரியாதை, மேடம்," என்றார் டில்காரர்.

அந்தப் பெண் எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எதையோ குறித்துக்கொண்டார்.

தெருவை மூடினார்கள். ஆனால் காலை ஏழு மணிவரை லொறி வரலாம் என்று பரீட்சார்த்தமாக விட்டிருக்கிறார்கள். அதற்குள் முழுவதையும் இறக்க ஒருவனால் ஏலாது. அதனால் மீன் அண்ணையும் டில்காரரும் ஆறு மணிக்கே வரவேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார்.

"உன்னை ஆரடா எழும்பச் சொன்னது?" என்று அண்ணை தினமும் என்னை ஏசுகிறார். நான் சிரித்துக்கொண்டு அடுத்த மூட்டையை அவர் தோளில் வைக்கிறேன்.

நேற்றும் டில்காரர் மூச்சு வாங்கியபடி தொடங்கிப் பார்த்தார். "அண்ணை, உங்கட ஆள் ராத்திரி என்ன சொன்னவன் தெரியுமே?"

"பொறடா, முதுகு முறியுது. இதை உள்ளுக்கு வைச்சிட்டு வாறன்."

வைத்துவிட்டு வந்தவருக்கு இன்னொரு மூட்டை தயாராக இருந்தது.