ஹைட்ரஜனும் கடைசி ஜோடி வைரமும்

ஹைட்ரஜனை நசுக்குவது என் தொழில். அதில் ஹைட்ரஜன் நசுங்கும் நாள்களைவிட வைரம் உடையும் நாள்களே அதிகம். முனையைத் தட்டையாகச் சீவிய இரு வைரங்களுக்கு நடுவே, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத துளையில் அதை அடைத்துத் திருகாணிகளை முறுக்குகிறோம். அழுத்தம் ஏற ஏற அது உருகும் வெப்பநிலையும் ஏறும். ஓர் உச்சத்துக்குப் பின் இறங்கும். அந்த இறக்கத்தை அளந்து காட்டினால்தான் என் ஆய்வுத்திட்டம் தொடரும். இரண்டு ஜோடி போய்விட்டது, மூன்றாவதே கடைசி. ஒரே கருவியை நம்பி வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை விளங்கும்.

வீட்டுச் சோதனை

கல்லூரிக்கு விடுமுறை என்பதால் கூரியர்காரர் அந்தக் கடைசி ஜோடியைத் தருமபுரத்தில் என் வீட்டில் கொடுத்துவிட்டார். வாங்கியவர் என் மாமியார். குடும்பத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்காமல் எந்த வைரத்தையும் அவர் புழங்க விடுவதில்லை. பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாரும் அணியப்போவதில்லை, இது கருவியின் பாகம் என்று விளக்கியும் பயனில்லை. மூன்றாம் நாள் காலை பெட்டியை நீட்டினார். "யாருக்கும் காய்ச்சல் வரல, சண்டை வரல. கொண்டு போ."

திருநள்ளாற்றுக்காரரின் ஐயம்

ஆய்வக உதவியாளர் முருகையன் திருநள்ளாற்றுக்காரர். சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் நசுங்கியே வளர்ந்தவர். திருகாணியை முறுக்கியபடி, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டார். சனிக் கிரகத்தின் உள்ளே கடும் நெருக்கத்தில் ஹைட்ரஜன் உருகிய உலோகமாகவே கிடக்கிறது என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். "ஊரையே போட்டு நசுக்குறவருக்கே உள்ள இந்தக் கதியா மேடம்?"

நான்காவது புள்ளி

லேசரால் சூடேற்றி மூன்று அழுத்தங்களில் அளந்தேன். மூன்றிலும் உருகும் வெப்பநிலை ஏறியது. நான்காவதில் இறங்கியது. அடுத்த அழுத்தத்திலும் ஒரு முறை அளந்துவிட்டால் போதும். முருகையன் திருகாணியைக் கால் சுற்று முறுக்கினார். 'டக்' என்றது. சூடேறிய ஹைட்ரஜன் வைரத்துக்குள் ஊறி அதைப் பிளந்துவிடும், பிளந்துவிட்டது.

துறைத்தலைவர் வந்து முதலில் வைரப் பொடியைப் பார்த்தார், பிறகு வரைபடத்தைப் பார்த்தார். "ஒரு புள்ளி எறங்குனா பிழைம்மா. ரெண்டு எறங்குனாதான் கண்டுபிடிப்பு."

மேல்முறையீடு

வீட்டில் மாமியாரிடம் சொன்னேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஒத்தைக் கல்லுக்கே மூணு நாளு. உன்னுது ஜோடி, ஆறு நாளு வச்சிருக்கணும்."

ஒற்றைப் புள்ளியை இணைத்து நான்காவது ஜோடிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கால அட்டவணையில் அந்த ஆறு நாளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.