கதவில் தொங்கிய பெயர்

பாண்டிச்சேரிக்கு வந்த ஏழாம் ஆண்டில், என் பெயரை நானே கதவுகளில் மாட்டுவதும் என் வேலையானது. கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். முடித்த அறையின் கைப்பிடியில் ஓர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். அதில் பெரிய ஆங்கில எழுத்துகளில் ‘ராணி’. கீழே பொடியாகப் பிரெஞ்சில் ஒரு வரி. நம் ஊர்ப்பக்கம் அறை பெருக்குகிறவளின் பெயரை யார் அச்சடிக்கிறார்கள்? படமெடுத்துத் தென்காசியில் இருக்கும் அம்மாவுக்குக்கூட அனுப்பினேன்.

ஒருநாள் விடுதியில் தங்கியிருந்த பிரெஞ்சுக்கார அம்மாள் என்னை நிறுத்தி, “யுவர் நேம்?” என்றார். “ராணி” என்றேன். அவர் அட்டையைக் காட்டிச் சிரித்தார். “நோ, நோ. யுவர் ரியல் நேம்?” மறுபடியும் ராணி என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கூட வேலை செய்யும் செல்வி நோணாங்குப்பத்துக்காரி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். அவளிடம் அட்டையை நீட்டினேன்.

“உனுக்குத் தெரியும்னு நெனச்சேன்,” என்றாள். “ரியென் அ நெத்துவாயே இசி. இங்க சுத்தம் பண்ண ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நாலு வார்த்தையோட மொத எழுத்து ஆர், ஏ, என், ஐ. சேத்தா உம் பேரு வருது. முசே யோசிச்சு வச்சது.”

முசே என்பது எங்கள் முதலாளி. இங்கே ஐயா என்பதற்கு அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, “உங்க தெருவுல எதுக்குடே இந்தப் பேரு?” என்று வாத்தியார் வேறு பெயர் எழுதப் போனாராம். அப்பா கொத்துவேலைக்காரர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர். அன்று மட்டும் மேசையைவிட்டு நகரவில்லை. “ராணின்னே எழுதுங்க சார். அதுவரைக்கும் நிக்கேன்.” மதிய மணி அடிக்கும்வரை நின்றார். எழுதினார்கள்.

முசேயிடம் போனேன். “அட்டைலருந்து எம் பேர எடுத்துருங்க.”

“ஒன்னப் பெருமப்படுத்தத்தாம்மா செஞ்சேன். வர்றவங்களுக்கு எவ்ளோ புடிச்சிருக்கு தெரியுமா?”

“எனக்குப் பேரே இல்லன்னு அவங்க நெனைக்காங்க.”

“சின்ன விஷயம் இது. மாட்ட முடியலன்னா வேற எடம் பாத்துக்கோ.”

நான் மாட்டவில்லை. வேலைக்குப் போகாமலும் இருக்கவில்லை. அறைகள் பளிச்சென்று இருந்தன, கதவுகள் வெறுமையாக இருந்தன. மூன்றாம் நாள் அட்டைக் கட்டைச் செல்வியிடம் நீட்டினார் முசே. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அது அவ பேரு முசே. அவளே வேணான்றா. நான் எப்படி மாட்றது?”

இருவரையும் அனுப்பிவிட்டால் அறைகளை யார் பார்ப்பது? அந்த வாரமே வேறு அட்டைகள் வந்தன. ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று மட்டும் பிரெஞ்சில். அன்றிலிருந்து முசே என்னை “ஏம்மா” என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். உயிரோடு இருக்கும் ஒருத்தியின் பெயருக்குப் புதுப் பொருள் செய்கிறவர் முதலில் அவளையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். “பாண்டிச்சேரிக்காரி வந்துட்டாளா?” என்றார்கள். பாண்டிச்சேரியிலோ நான் தென்காசிக்காரி. திரும்பும்போது விழுப்புரத்தில் மாறி ஏறிய பேருந்தில், பக்கத்தில் இருந்த பெண் “எந்த ஊரும்மா நீ?” என்றார். இரண்டு ஊர்ப் பெயரும் நாக்கு நுனிவரை வந்தன. “ராணி” என்றேன். என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, “ஊரு, ஊரு கேட்டேன்” என்று அவர் உரக்கக் கேட்டார். நானும் உரக்க, “ராணி” என்றேன்.