தெற்கே ஒரு பாய்மரம்

எழுபதுகளின் கடைசியில் காரைக்கால் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தேன். புயல் ஓய்ந்து பத்து நாளாகியும், பட்டினச்சேரியிலிருந்து கட்டுமரத்தில் போன ஒருவர் திரும்பவில்லை. அவர் மனைவி அஞ்சம்மாள் தினமும் பார்வையாளர் நேரத்தில் படியேறி வந்து கடலைப் பார்ப்பாள்.

அன்று அவள் கொழுந்தனும் வந்திருந்தார். "இன்னிக்கோட போதும் அண்ணி. நாளைக்குக் கருமாதிய வச்சுடுவோம்," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்க பைனாகுலர்ல ஏதாச்சும் தெரியுதுங்களா சார்?"

பார்த்தேன். வெறும் தண்ணீர். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெக்கால ஒரு பாய்மரம் மாதிரி தெரியுதும்மா," என்றேன்.

அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கருமாதி நின்றது. அதன் பிறகு அதை நடத்த அவள் விடவே இல்லை. தினமும் வந்தாள்.

எட்டு வருஷம் கழித்து, மாற்றலாகிப் போகும் நாளில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. "அன்னிக்கு நான் எதையும் பாக்கலம்மா. பொய் சொல்லிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றாள் அமைதியாக. "பாத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்களே மறந்துட்டா எப்புடி?"

அன்றே அழுது தீர்த்திருப்பாள். நான்தான் விடவில்லை.

பெட்டியோடு படியிறங்கினேன். மேலே, புதிதாக வந்த ஊழியரிடம் அவள் கைகாட்டிச் சொல்வது கேட்டது: "தெக்கால பாருங்க சார்."